முதல்ல மொழிபெயர்ப்பாளரைத் தேடுங்கோ

கலாசாரப் பரிமாற்றச் செயலமர்வு ஒன்றுக்கு வளவாளராக வரச்சொல்லி உங்களைக் கேட்டிருக்கிறார்கள் எண்டு வையுங்கோ. கம்பஸ் முடிச்சு வேலை தேடிக்கொண்டிருக்கிற காலத்தில எங்களில கனபேருக்கு இந்த அழைப்பு ஒருக்கா வரும். அதற்கான ஆயத்தம் என்ன மாதிரி இருக்கும் எண்டு இப்பவே சொல்லலாம். வவுனியாவிலோ நீர்கொழும்பிலோ ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி. சாட் பேப்பர், நாலு நிற மார்க்கர். எல்லாரும் வட்டமாக நின்று கைதட்டுகிற ஐந்தாறு விளையாட்டு. நல்லிணக்கம் என்ற சொல் ஒரு நாளைக்கு நாற்பது தரம். கடைசியில் கையில் ஒரு நிகழ்ச்சி நிரல் தருவார்கள். 9.00 மங்கள விளக்கேற்றல், 9.30 அறிமுகம், 10.30 தேநீர், பிறகு குழுச்செயற்பாடு, பின்னேரம் கலை நிகழ்ச்சி, 4.00 மணிக்குக் குறூப் போட்டோ.

வடக்கிலிருந்து போன பிள்ளைகள் பரதம் ஆடுவார்கள். தெற்கிலிருந்து வந்த பிள்ளைகள் கண்டி நடனம் ஆடுவார்கள். இந்த இரண்டு நடனத்துக்கும் மூன்று கிழமை ஒத்திகை நடந்திருக்கும், உடுப்பு வாடகைக்கு எடுத்திருப்பார்கள், டீச்சர்மார் பாவம் நித்திரை முழிச்சு இருப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் கதைப்பதற்கு என்ன ஆயத்தம் நடந்தது எண்டு கேட்டால், அங்க ஒரு வெறுமை. "அதெல்லாம் பிள்ளையள் தானாப் பழகிடுங்கள்" என்பார்கள்.

தானாகப் பழகுவதற்கு எங்கட நாட்டில இடம் விட்டு வைக்கவில்லை. ஒரு பிள்ளை முதலாம் தரத்தில் சேரும்போதே மொழிமூலத்தால் பிரிந்துவிடுகிறது. ஒரே வளவுக்குள் இரண்டு மொழிமூலமும் இருக்கிற பாடசாலைகளிலும் வகுப்பறை வேற வேற. இரண்டாம் மொழி ஒரு பாடமாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைப் படிப்பிக்க எல்லா இடமும் ஆசிரியர் இல்லை. இருக்கிற இடத்திலும் புத்தகத்தில் இருப்பது ஒரு மொழி, வாயில் வருவது இன்னொரு மொழி. "நான் பாடசாலைக்குச் செல்கிறேன்" எண்டு பாடமாக்கி வந்த சிங்களப் பிள்ளைக்கு "நான் பள்ளிக்கூடம் போறன்" எண்டு எங்கட பிள்ளை சொன்னால் ஒண்டும் பிடிபடாது. சிங்களத்திலும் இதே கதைதான், எழுத்துச் சிங்களமும் பேச்சுச் சிங்களமும் இரண்டு வீடு மாதிரி.

ஆகவே இந்தச் செயலமர்வுகளுக்குப் போகிறவர்கள் முதலில் தயார் செய்ய வேண்டியது மொழிபெயர்ப்பு என்பது என்னுடைய கருத்து. மேடை, உடுப்பு, நினைவுச் சின்னம் எல்லாம் அதற்குப் பிறகு. ஆம், சலிப்பான விசயம்தான். போட்டோவில் விழாது. அதனால்தான் ஆரும் அதற்குக் காசு ஒதுக்குவதில்லை.

நடைமுறையில் நடக்கிறது இதுதான். வளவாளர் முன்னுக்கு நின்று சிங்களத்தில் கதைப்பார், இடைக்கிடை இங்கிலீசும் வரும். தமிழ்ப் பிள்ளைகள் பின் வரிசையில் ஒரு மூலையில் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு தொண்டர் குந்தியிருந்து காதுக்குள் குசுகுசுவென்று மொழிபெயர்ப்பார். முன்னுக்கு ஒரு பகிடி விழும், மண்டபமே சிரிக்கும். பின்மூலை அரை நிமிடம் கழித்துச் சிரிக்கும், அல்லது "என்னவாம் என்னவாம்" எண்டு கேட்டுக்கொண்டிருக்கும், அதற்குள் முன்னுக்கு அடுத்த கதைக்குப் போயிருப்பார்கள். ஒரு நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் அரை நிமிடம் பிந்தி நிற்கிற பிள்ளை எப்பிடி உணரும்? தான் விருந்தாளி எண்டுதான். தன்ர நாட்டில, தனக்கென்று நடத்தப்படுகிற நிகழ்ச்சியில.

1956 இல் சிங்களம் மட்டும். 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. இந்த வரலாறு எங்கள் எல்லாருக்கும் தெரியும். இது செயலமர்வு மண்டபத்துக்குள் எப்படி வந்து உட்காருகிறது என்பதைத்தான் நாங்கள் பார்ப்பதில்லை. பின்மூலையில் குந்தியிருக்கிற அந்தத் தொண்டர்தான் அந்த வரலாறு.

என்ன செய்யலாம்? மொழிபெயர்ப்புக்கு ஒருவர் போதாது, இரண்டு பேர் வேணும். சர்வதேசக் கூட்டங்களில் உடனுக்குடன் மொழிபெயர்க்கிறவர்களே 20, 30 நிமிடத்துக்கு ஒருக்கா ஆள் மாறுவார்கள், அதற்கு மேல் மூளை இழுக்காது. நாங்கள் இருபது வயசுத் தொண்டர் ஒருவரைக் காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் நாலு வரை கதைக்க வைக்கிறோம், அதுவும் சோத்துப் பார்சலுக்கு. மொழிபெயர்ப்பவர் முன்னுக்கு, வளவாளருக்குப் பக்கத்தில், அதே ஒலிவாங்கியோடு நிற்க வேணும். அப்படிச் செய்தால் நேரம் இரட்டிப்பாகும். 90 நிமிட அமர்வில் 45 நிமிடத்துக்கான விசயம்தான் வைக்கலாம். நிகழ்ச்சி நிரலைப் பாதியாக வெட்டுங்கோ. மங்கள விளக்கில இருந்து வெட்டத் தொடங்கலாம்.

அடுத்தது, பாதி அமர்வுகளைத் தமிழில் தொடங்குங்கோ. முதலில் தமிழ், பிறகு சிங்களம். சிங்களப் பிள்ளைகளும் ஒருக்கா ஒரு பகிடிக்கு அரை நிமிடம் காத்திருக்கட்டும். இதைப் பழிவாங்கலாகச் சொல்லவில்லை. பெரும்பான்மை மொழிக்குள் பிறந்த ஒரு பிள்ளைக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்பதை எந்தச் சாட் பேப்பரும் சொல்லிக் கொடுக்காது. நான் இருந்த ஒரு செயலமர்வில் இப்பிடிச் செய்தபோது தென்பகுதிப் பெடியன் ஒருவன் பதினைந்து நிமிடத்தில் கையை உயர்த்தி, கொஞ்சம் மெதுவாகக் கதைக்கச் சொல்லிக் கேட்டான். அன்றைய நாளில் உருப்படியாக நடந்த விசயம் எண்டு நான் அதைத்தான் சொல்லுவன்.

பெயர்களில் தொடங்குவது நல்லது. பெயர் அட்டையை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுக்காதீங்கோ. வெறும் அட்டையைக் கொடுத்து, பக்கத்தில் இருக்கிற மற்ற மொழிப் பிள்ளை உன்ர பெயரைத் தன்ர எழுத்தில எழுதட்டும் எண்டு சொல்லுங்கோ. நாற்பது நிமிடம் போகும். கயானி எண்டு தமிழில் எழுதினால் அந்த முதல் எழுத்தை எப்பிடிச் சொல்லுறது எண்டு எங்கட எழுத்துக் காட்டாது, சிங்களத்தில் அதற்குத் தனி எழுத்து இருக்கு. யாழினி எண்டு எழுதச் சிங்களத்தில் ழகரம் இல்லை. இரண்டு பேரும் வாயைப் பார்த்து, நாக்கு எங்க போகுது எண்டு பார்த்து, திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு முதலெழுத்துப் பிரச்சினை வரும். எங்கட பிள்ளைக்கு அப்பாவின்ர பெயரின் ஒரு எழுத்து, அந்தப் பிள்ளைக்கு டபிள்யூ. எம். ஏ. எண்டு மூன்று எழுத்து. அது என்ன எண்டு கேட்கப் போனால் வாசகம, பரம்பரை, ஊர் எண்டு ஒரு பெரிய கதை திறக்கும். இதற்கு நடனம் தேவையில்லை.

நடனம் எண்டதும் சொல்ல வேண்டும். பரதம் ஆடக் கூடாது எண்டு நான் சொல்லவில்லை, ஆடட்டும். ஆனால் முல்லைத்தீவிலிருந்து வருகிற பிள்ளையின் கையில் தமிழ்க் கலாசாரம் எண்டு பரதத்தைக் கொடுத்து அனுப்புகிறவர்கள், அந்த மண்ணில் கோவலன் கூத்து எண்டு ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். மன்னாரில் கத்தோலிக்கக் கூத்து இருக்கு, மட்டக்களப்பில் வடமோடி தென்மோடி இருக்கு, மலையகத்தில் காமன் கூத்து இருக்கு. அதே மாதிரி, காலியில் இருந்து வருகிற பிள்ளைக்குக் கண்டி நடனம் பக்கத்து ஊர்ச் சரக்குத்தான். சிங்களவரிடம் உடரட்ட, பஹதரட்ட, சப்ரகமுவ என்று மூன்று நடன மரபு இருக்கு. செயலமர்வு நடத்துகிறவர்களுக்குத் தமிழுக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று எண்டு இரண்டு பெட்டி இருந்தால் லேசு. அந்த இரண்டு பெட்டிக்குள்ளும் முஸ்லிம் பிள்ளை இல்லை, மலையகப் பிள்ளை இல்லை. அவர்களைப் பார்வையாளர் வரிசையில் இருத்திவிட்டு நாங்கள் பன்மைத்துவம் பற்றிக் கதைக்கிறோம்.

சித்திரைப் புத்தாண்டும் இப்பிடித்தான். ஏற்பாட்டாளர்களுக்கு மிகவும் பிடித்த தலைப்பு, இரண்டு பேருக்கும் பொதுவான பண்டிகை எண்டு. நல்ல தலைப்புத்தான், ஒப்பிட நிறைய இருக்கு. எங்கட மருத்துநீர், அவர்களுடைய தலைக்கு எண்ணெய் வைக்கிற சடங்கு. எங்கட கைவிசேடம், அவர்களுடைய கனுதெனு. எங்கட புண்ணியகாலம், அவர்களுடைய நோனகத்த. எங்களுக்கு வாக்கியம், திருக்கணிதம் எண்டு இரண்டு பஞ்சாங்கம் இரண்டு நேரம் சொல்லும் எண்டதைச் சிங்களப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்களுக்கு நம்பவே ஏலாமல் இருக்கும். ஆனால் மண்டபத்தில் பத்து முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் அவர்களுக்கு என்ன வேலை எண்டு முதலே யோசித்து வைக்க வேணும். 'பொது' எண்டு சொல்லும்போது ஆரை வெளியில விடுறம் எண்டு எண்ணிப் பாருங்கோ.

நான் கூடுதலாக விரும்புவது பண்டிகையும் இல்லாத, கலையும் இல்லாத கேள்விகளை. உங்கட வீட்டில விடிய முதல் எழும்புறது ஆர்? எழும்பின உடன பால் தேத்தண்ணியா பிளேன்டீயா? ரியூசன் முடிஞ்சு வீட்ட போக எத்தினை மணி? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கோ. மாத்தறையும் பருத்தித்துறையும் ஒரே குரலில் முறைப்பாடு சொல்லும். இந்த நாட்டுக்கு உண்மையான பொதுக் கலாசாரம் ஒன்று இருக்கெண்டால் அது ரியூசன்தான்.

வீட்டுச் சாமான்களின் பெயர் எழுதுகிற விளையாட்டும் நல்லாப் போகும். இரண்டிரண்டு பேராக இருந்து, குசினியில, அறையில இருக்கிற சாமான்களை இரண்டு மொழியிலும் எழுத வேணும். அலுமாரி, அலுமாரிய. மேசை, மேசய. சப்பாத்து, சப்பாத்துவ. தாச்சி, தாச்சிய. லாச்சி, லாச்சுவ. பாண், பாண். அலவாங்கு வரைக்கும் போகலாம். கதிரைக்கு வரேக்க மட்டும் அவர்கள் புட்டுவ என்பார்கள், எங்கட பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். இந்த இடத்தில் வளவாளர் எழும்பி "பார்த்தீங்களா, நாங்கள் எல்லாரும் ஒன்று" எண்டு சொல்ல வாயெடுப்பார். தயவுசெய்து சொல்லாதீங்கோ. அந்தச் சொற்களில் பெரும்பாலானவை போர்த்துக்கேயச் சொற்கள், லாச்சி ஒல்லாந்தருடையது. அந்தப் பட்டியல் காட்டுவது எங்களை ஆண்டவர்கள் ஒரே ஆக்கள் எண்டதை. அதுவே சுவாரசியமான விசயம், பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கோ. மச்சான் எண்ட சொல்லையும் விடாதீங்கோ. எங்களிடம் உறவுமுறை, அவர்களிடம் மச்சங் எண்டால் கூட்டாளி. பெடியள் அதை வைச்சு ஒரு மணித்தியாலம் ஓட்டுவாங்கள்.

வெறும் சந்திப்பு மட்டும் வேலை செய்யாது எண்டு 1954 லேயே கோர்டன் ஓல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிவிட்டார். சந்திக்கிறவர்களுக்குச் சம அந்தஸ்து இருக்க வேணும், பொது இலக்கு ஒன்று வேணும், ஆளுக்கு ஆள் உதவாமல் அது முடியக் கூடாது, மேலே இருக்கிறவர்களின் ஆதரவும் வேணும் என்பது அவருடைய கணக்கு. 1971 இல் டெக்சஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில், கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தவுடன் சண்டை வெடித்தபோது, எலியட் அரன்சன் என்பவர் பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றப் பிள்ளை சொல்வதைக் கேட்காவிட்டால் சோதனையில் பாதிப் பாடம் இல்லை. இதை எங்கட நிலைமைக்குக் கொண்டுவருவது கஷ்டமில்லை. ஒரு ஊரின் வரைபடம், சிங்களப் பிள்ளையிடம் பாதித் தகவல் சிங்களத்தில், தமிழ்ப் பிள்ளையிடம் மிச்சம் தமிழில். பஸ் தரிப்பிடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வழி கண்டுபிடிக்க வேணும்.

அல்லது பெயர்ப்பலகை. செயலமர்வுக்கு முதல் கிழமை, தங்கட ஊர்ப் பெயர்ப்பலகைகளைப் போனில் படமெடுத்துக்கொண்டு வரச்சொல்லுங்கோ. பஸ், தபால் கந்தோர், பொலிஸ், பிரதேச செயலகம். தமிழ் பிழை பிழையாக எழுதியிருக்கிற பலகைகளை ஆரும் தேடிப் போகத் தேவையில்லை, அதுகளே வந்து முட்டும். இரண்டு மொழிப் பிள்ளைகளும் சேர்ந்து திருத்தட்டும். மொழி உரிமை பற்றி ஒரு மணித்தியால விரிவுரை செய்வதைவிட, தன்ர மொழியில் ஒரு பிழையும் இல்லாத பலகையில் பக்கத்து மொழி மட்டும் சிதைந்து கிடப்பதை ஒரு சிங்களப் பிள்ளை தன் கண்ணால் பார்ப்பது பலமானது. "இதை ஆர் எழுதினது?" எண்டு அந்தப் பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி.

இதுவரை சொன்னதெல்லாம் லேசான பகுதி. இனி, பயிற்சியில் ஆரும் தொடாத பகுதி.

ஒரு செயலமர்வில் சாப்பாட்டு மேசை ஒன்று வைத்திருந்தார்கள். கொக்கிஸ், கவும், வடை, பயத்தம்பணியாரம், நடுவில் பெரிய தட்டில் கிரிபத். உங்கட வீட்டில முக்கியமான நாளில சமைக்கிற சாப்பாடு என்ன எண்டு வளவாளர் கேட்டார். ஒரு தமிழ்ப் பிள்ளை, பதின்மூன்று பதினான்கு வயசு இருக்கும், எழும்பி மே மாதத்தில் தங்கட வீட்டில காய்ச்சுகிற கஞ்சியைப் பற்றிச் சொன்னது. அரிசி, தண்ணி, உப்பு. அம்மம்மா அண்டைக்கு வேற ஒண்டும் சமைக்க மாட்டா எண்டும் சொன்னது. அந்தப் பிள்ளை அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மொழிபெயர்த்தவர் ஒரு கணம் நின்றார். பிறகு சிங்களத்தில், அவர்களுடைய வீட்டில் ஒரு பாரம்பரியக் கெந்த செய்வார்களாம் எண்டு சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் காட்டினார்.

கெந்த எண்டால் சிங்களத்தில் கஞ்சிதான். சொல் சரி. ஆனால் ஒரு சிங்களப் பிள்ளைக்கு அந்தச் சொல்லோடு வருவது கொலகெந்த, காலையில் குடிக்கிற இலைக்கஞ்சி, உடம்புக்கு நல்லது. மண்டபத்தில் இருந்த சிங்களப் பிள்ளைகள் அன்போடு தலையாட்டினார்கள். முள்ளிவாய்க்கால் ஒரு ஆரோக்கிய பானமாகிவிட்டது.

அந்த மொழிபெயர்ப்பாளரில் எனக்குக் கோபமில்லை. அவரிடம் ஆரும் முதலே சொல்லி வைக்கவில்லை. அவருக்குப் பயம் இருந்திருக்கும், அதற்குக் காரணமும் இருக்கு. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்தில் சம்பூர்ப் பக்கம் கஞ்சி கொடுத்ததற்காக ஆக்களைக் கைது செய்தார்கள். ஆனால் ஆயத்தம் எண்டால் இந்த இடத்துக்கான ஆயத்தம்தான். 2009 மே மாதம் போர் முடிந்த செய்தி வந்தபோது தெற்கில் வீதியோரங்களில் கிரிபத் பகிர்ந்தார்கள். எங்கட பக்கத்தில் அதே மாதத்தைக் கஞ்சியால் நினைக்கிறார்கள். அந்த மேசையில் கிரிபத் தட்டை வைத்தவருக்கு இது தோன்றியிருக்காது. சிங்களப் பிள்ளைக்குக் கிரிபத் எண்டால் பிறந்தநாள், புத்தாண்டு, மாத முதலாம் திகதி, அவ்வளவுதான். அதில் அந்தப் பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை. இப்ப பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளில் அநேகமானவர்கள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள், தெற்கிலும் வடக்கிலும். அவர்கள் தூக்கிக்கொண்டு வருவது வீட்டில் கேட்ட கதையை, அல்லது வீட்டில் ஆரும் வாய் திறக்காததை.

கிரிபத்தை மேசையில் இருந்து எடுக்கச் சொல்லவில்லை. உணவு அரசியல் இல்லாதது எண்டு நினைச்சு வைக்காதீங்கோ எண்டுதான் சொல்லுறன். மொழிபெயர்ப்பவரோடு முதல் நாள் இரவு இருந்து கதையுங்கோ. கஞ்சி எண்டு வந்தால் என்ன சொல்லுவீங்கள், ஒரு பிள்ளை தன்ர மாமா காணாமல் போனவர் எண்டால் அந்தச் சொல்லுக்குச் சிங்களம் என்ன, கொட்டியா எண்டு ஒரு பெடியன் கேட்டுவிட்டால் அதைத் தமிழில் அப்படியே சொல்வீங்களா. பிள்ளை சொன்னதைக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. மெதுவாகச் சொல்லலாம், மென்மையாக்கக் கூடாது.

அதே நேரம் பிள்ளைகளிடம் சாட்சியம் கேட்டுப் போகவும் கூடாது. சில வளவாளர்களுக்கு இதில் ஒரு ருசி இருக்கு. கண்ணீர் வந்தால் செயலமர்வு வெற்றி எண்டு அறிக்கையில் எழுதுவார்கள். பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கோ, இடம் கொடுங்கோ. தோண்டாதீங்கோ. அந்த அமர்வில் போன் கமரா வேண்டாம், முகநூலுக்குப் படம் வேண்டாம். கூட வந்த டீச்சருக்கு, அதிபருக்கு முதலே சொல்லி வையுங்கோ, ஏனெண்டால் பிரச்சினை வந்தால் நீங்கள் கொழும்புக்குப் போயிடுவீங்கள், அந்தப் பிள்ளையும் டீச்சரும்தான் ஊரில் நிற்பார்கள். அப்பா ஆமியில் இருந்து காலை இழந்த சிங்களப் பிள்ளையும் அந்த மண்டபத்தில் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கும் சொல்ல ஏலுமான இடமாக அது இருக்க வேணும். நான் வைத்துக்கொள்கிற ஒரே விதி, 'எங்கட ஆக்கள்', 'உங்கட ஆக்கள்' எண்டு வசனத்தைத் தொடங்கக் கூடாது. 'எங்கட வீட்டில' எண்டு தொடங்கலாம். இந்தச் சின்ன விதி பாதிச் சண்டையை நிப்பாட்டும். மிச்சப் பாதி நடக்கட்டும்.

தமிழ் வளவாளர்களாகிய நாங்கள் அடுத்த பக்கத்தில் இருந்து வரப்போகிற கேள்விகளுக்குத்தான் ஆயத்தமாகிறோம். எங்கட பக்கத்தில் இருந்து ஒரு பிள்ளை கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கு, அதுக்கு ஆரும் ஆயத்தமில்லை. புத்தளத்தில் இருந்து வந்த முஸ்லிம் பிள்ளை, தமிழில், "எங்கட உம்மம்மாட ஊர் யாழ்ப்பாணம்தான்" எண்டு சந்தோசமாகச் சொல்லும். யாழ்ப்பாணப் பிள்ளை அதே சந்தோசத்தோடு கேட்கும்: "அப்ப ஏன் நீங்கள் புத்தளத்தில இருக்கிறீங்கள்?"

1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்த 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். இது எங்கட பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்திலும் இல்லை, வீட்டிலும் பெரும்பாலும் இல்லை. அந்தக் கேள்வி கபடமில்லாத கேள்வி. அதற்கு மொழிபெயர்ப்பாளரும் தேவையில்லை, இரண்டு பேரும் தமிழ்தான் கதைக்கிறார்கள். "அது ஒரு பெரிய கதை, பிறகு சொல்லுறன்" எண்டு நீங்கள் கடந்து போனால், கஞ்சியைக் கெந்தவாக்கின அதே வேலையை நீங்களும் செய்கிறீர்கள். சிங்களவர் எங்கட கதையைக் கேட்க வேணும் எண்டு எதிர்பார்க்கிறவர்கள் இந்த ஒரு வசனத்தை நேராகச் சொல்லப் பழக வேணும். நான் இதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்க்கச் சொல்லிப் புதிதாக வருகிற தொண்டர்களுக்குச் சொல்வதுண்டு. சிலர் சொல்லுவார்கள், சிலருக்குக் கோபம் வரும். கோபம் வருகிறவர்கள் அந்தக் கிழமை சாமான் ஏத்துற பொறுப்பை எடுக்கலாம்.

பராக்கிரம நிரியெல்ல போன்றவர்கள் 2003 இல் தொடங்கிய ஜனகரளிய, தமிழில் மக்கள் களரி, நினைவுக்கு வருகிறது. சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒரே இடத்தில் தங்கி, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, ஒருவருடைய மொழியை மற்றவர் படித்து, இரண்டு மொழியிலும் நடித்தார்கள். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார்கள். அதுவும் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில். அவர்களும் மேடை ஏறினார்கள்தான், ஆனால் அந்த மேடைக்குப் பின்னால் சேர்ந்து இருந்த மாதங்களும் வருசங்களும் இருந்தன. எங்களுக்குக் கிடைப்பது இரண்டு நாள். இரண்டு நாளில் அது நடக்காது, நடந்தது எண்டு அறிக்கை எழுதவும் வேண்டாம்.

ஆனால் இரண்டாம் சந்திப்பு ஒன்று நடக்கலாம். முதல் தடவை எல்லாரும் நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள், விருந்தாளி மாதிரி. போய் வந்த பிறகு வட்சப் குறூப்பில் ஒரு மாதம் ஸ்ரிக்கர் அனுப்புவார்கள், பிறகு அடங்கிவிடும். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளைகள் திரும்பச் சந்திக்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வாயில் வரும். போன முறை கேட்க வெட்கப்பட்டதை இந்த முறை கேட்பார்கள். அதனால், அனுசரணையாளரோடு கதைக்கப் போகும்போது ரீசேட், தொப்பி, பை எல்லாம் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அந்தக் காசில் இரண்டு மொழிபெயர்ப்பாளரையும் இரண்டாம் பயணத்துக்கான பஸ்ஸையும் கேளுங்கோ. பெரிய தொகை இல்லை, நாற்பது ரீசேட்டும் மேடை அலங்காரமும் நினைவுச் சின்னங்களும் என்ன விலை எண்டு உங்களுக்கே தெரியும். தவணைப் பரீட்சை இல்லாத மாதமாகப் பார்த்துத் திகதியையும் முதலே எழுதி வாங்குங்கோ. "முதலாவதை நடத்திக் காட்டுங்கோ, பிறகு பாப்பம்" எண்டுதான் சொல்லுவார்கள். நோட்டீசில பெயரைப் பெரிசாப் போடுறம் எண்டு சொல்லிப் பாருங்கோ, சில வேளை இளகுவார்கள்.